கோழிக்கு வைத்த தீனி கோழிக்கே போய்ச் சேர

கொல்லைப்புறக் கோழி வளர்ப்பைப் பற்றி இப்பகுதியில் எழுதியதிலிருந்து வரும் கடிதங்களில் பல, தீனித்தொட்டி ஒன்றைப் பற்றியே கேட்கின்றன. கூண்டுக்கும் முட்டைப் பெட்டிக்கும் பணத்தைத் தாராளமாகச் செலவிடும் நாம், தீனிக்கு மட்டும் பழைய தட்டு ஒன்று போதும் என்று எண்ணிவிடுகிறோம். கோழி வளர்ப்பில் ஆகும் செலவின் பெரும்பகுதி தீனிக்குத்தான் போகிறது. அந்தத் தீனி தவறான வாய்களுக்குப் போவதால்தான் எலி, பூசணம், அண்டை வீட்டாரின் மனத்தாங்கல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆகவே இம்முறை முழுப் பகுதியையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்களுடையது வரிசை வீடுகளில் கடைசி வீடு, பக்கவாட்டில் சிறிது நிலம் இருக்கிறது. அதில் ஆறு கம்பத்துக் கோழிகள் (நாட்டுக்கோழிகள்) வளர்க்கிறோம். காலையில் அகன்ற தட்டில் தீனி வைத்தால் ஒரு மணி நேரத்தில் தட்டு கவிழ்ந்து கிடக்கிறது. பாதித் தீனி மண்ணோடு மண்ணாகிவிடுகிறது. சில மாதங்களாக எலி நடமாட்டமும் தெரிகிறது. பக்கத்து வீட்டார் இன்னும் வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் முகம் சுளிக்கிறார்கள். 4 அங்குல பி.வி.சி. குழாயில் தீனித்தொட்டி செய்யலாம் என்கிறார் என் தம்பி. செய்யலாமா? எங்கே, எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும்?
— வாசகி, நிபோங் திபால்

பதில்: அம்மா, முதலில் அந்தத் தட்டை எடுத்துவிடுங்கள். கோழிகளின் மீது தவறில்லை. காலால் சீய்த்து, அலகால் இருபுறமும் தள்ளி, அடியில் கிடப்பதைத் தேடிப் பொறுக்குவது அவற்றின் இயல்பு. காட்டுக்கோழியாக மூங்கில் புதர்களில் இலைச்சருகைக் கிளறித் தின்ற காலத்திலிருந்து வரும் பழக்கம் அது. தரையில் தட்டை வைத்தால், அதையும் சருகுக் குவியலாகவே அவை நினைத்துக்கொள்ளும். ஆகவே காலை உள்ளே வைக்க முடியாதபடியும், அலகால் தள்ளிய தீனி மறுபடி தொட்டிக்குள்ளேயே விழும்படியும் அமைக்க வேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை; உயரம் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. உங்கள் கோழிகளில் மிகச் சிறியது இயல்பாக நிமிர்ந்து நிற்கும்போது அதன் முதுகு எந்த மட்டத்தில் இருக்கிறதோ, அந்த மட்டத்தில் தொட்டியின் விளிம்பு இருக்கட்டும். அப்போது கோழி கழுத்தை நீட்டி விளிம்பைத் தாண்டித் தலையைக் குனிந்துதான் தின்ன முடியும். காலுக்கு வேலை இராது, அலகிலிருந்து சிதறுவதும் தொட்டிக்குள்ளேயே விழும். இரண்டாவதாக, தீனி விளிம்பு வரை நிறைந்திருக்கக் கூடாது. தொட்டியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீனி நின்றால், உயரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் சிந்தவே செய்யும்.

இனிக் குழாய்த் தொட்டிக்கு வருகிறேன். 4 அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 8 லிட்டர் இடம் இருக்கிறது. அதில் 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவான தீனி அடங்கும். முட்டையிடும் கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தின்னும். ஆறு கோழிகளுக்கு நாளொன்றுக்கு 700 கிராம் என்று கொண்டால், ஒருமுறை நிரப்பினால் கிட்டத்தட்ட ஒரு வாரத்துக்கு வரும். இதைப் பார்த்துத்தான் பலர் குழாயை விரும்புகிறார்கள். ஆனால், நம் ஊரின் ஈரக்காற்றில் ஒரு வாரத் தீனியை வெளியே வைத்திருப்பதை நான் ஏற்கவில்லை. மாவுத் தீனி குழாயின் வளைவில் ஈரம் உறிஞ்சி இறுகி, மேலே உள்ளதைக் கீழே இறங்கவிடாமல் பாலம் போல அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் நிறைந்திருப்பது போல் தோன்றும். கோழியோ பட்டினி கிடக்கும். மேலும், சுவரில் பொருத்திய குழாயை இரவில் கழற்றி உள்ளே கொண்டுபோக யாருக்கும் மனம் வராது. குழாய்தான் வேண்டுமென்றால் சிறு குச்சிகளாக அழுத்திச் செய்த குச்சித் தீனியை (பெல்லட்) மட்டும் போடுங்கள். அடிவளைவைத் திறந்து கழுவ ஒரு மூடி வையுங்கள். இரண்டு நாளுக்குரியதை மட்டுமே நிரப்புங்கள்.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் தொங்கும் வாளித் தொட்டியைத்தான் செய்வேன். உணவுப்பொருள் வந்த, மூடியுள்ள 10 லிட்டர் வாளி ஒன்று போதும். சாயம் வந்த வாளி எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். வாளியின் அடிப்பக்கத்தை ஒட்டிச் சுற்றிலும் 3 செ.மீ. விட்டமுள்ள ஐந்தாறு துளைகள் இடுங்கள். வாளியைவிட 10 செ.மீ. அகலமானதும் 9 செ.மீ. ஆழமுள்ளதுமான வட்டத் தாம்பாளத்தின் நடுவில் அதை வைத்து, அடியில் இரண்டு திருகாணிகளால் முடுக்குங்கள். துளையின் மேல்விளிம்பு இருக்கும் உயரம் வரைதான் தீனி வெளியே வந்து நிற்கும். எனவே நான் முன்பு சொன்ன மூன்றில் ஒரு பங்கு அளவு தானாகவே அமைந்துவிடும். தாம்பாளத்தின் விட்டம் 35 செ.மீ. இருந்தால் சுற்றளவு 110 செ.மீ. வரும், ஆறு கோழிகள் ஒன்றையொன்று இடிக்காமல் நின்று தின்ன அது போதும். வாளியின் கைப்பிடியைச் சங்கிலியில் கோத்துக் கொக்கியில் மாட்டுங்கள். சங்கிலியில் ஒரு கண்ணி ஏற்றியோ இறக்கியோ உயரத்தைச் சரிசெய்யலாம். குஞ்சுகள் விடைக்கோழிகளாக வளரும்போதும் அதே தொட்டியை உயர்த்திக்கொள்ளலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வெயிலைவிட மழையை நினையுங்கள். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெய்யும் மழை காற்றோடு சாய்ந்து வரும். தொட்டிக்கு நேர் மேலே தகரம் இருந்தால் மட்டும் போதாது. எல்லாப் பக்கமும் ஒரு கை நீளமாவது கூரை நீண்டிருக்க வேண்டும். தொட்டிக்குக் கீழே மண்ணாக இல்லாமல் சிமெண்டாகவோ பழைய ஓடுகள் பதித்ததாகவோ இருந்தால், சிந்திய கொஞ்சத்தையும் மாலையில் கூட்டி எடுத்துவிடலாம். கோழி படுக்கும் பரணுக்கு அடியில் வைக்காதீர்கள், எச்சம் விழும். தண்ணீரைத் தொட்டிக்கு அருகிலேயே வைக்காமல் நான்கடி தள்ளி வையுங்கள். தீனி ஒட்டிய அலகோடு கோழி தண்ணீர் குடிக்கும்போது இரண்டும் கெடுவது அதனால் குறையும்.

இப்போது எலி. இதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோழிக்கு இரவில் கண் தெரியாது. பொழுது சாய்ந்ததும் பரண் ஏறிவிடும், விடியும் வரை ஒரு மணியும் தின்னாது. எலியோ இரவில்தான் வரும். ஆகவே இரவில் வெளியே தொங்கும் தீனி முழுக்க எலிக்கே வைத்த படையல். ஆறு மணிக்கு மேல் கோழிகள் கடைசி வாய் தின்று முடித்ததும், தொட்டியைக் கொக்கியிலிருந்து கழற்றிக் கெட்டியான மூடியுள்ள தகர டின்னுக்குள் வைத்துவிடுங்கள். காலையில் கூண்டைத் திறக்கும்போது மறுபடி மாட்டுங்கள். இதை ஒரு நாளும் தவறாமல் செய்துவந்தால், உணவில்லாத இடத்தில் எலி தங்காது. பழகிய எலி சில நாள்கள் வந்து தேடும். அந்த நாள்களில் மனம் தளராதீர்கள். கூண்டின் வலை அரை அங்குலக் கண்ணியுள்ளதாக இருக்கட்டும். ஓர் அங்குலக் கண்ணியில் இளம் எலி தாராளமாக நுழைந்துவிடும்.

எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் நம் நாட்டில் உயிரைக் குடித்திருக்கிறது. வெறுங்காலோடு கூண்டுக்குள் போகும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். எலியைத் தேடி மலைப்பாம்பும் வரும். அது எலியோடு நிற்காது; கோழியையும் சேர்த்தே விழுங்கும். எலி மருந்து வைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மருந்து தின்று சாகும் எலியைக் கோழி கொத்தித் தின்னக்கூடும்.

பகலில் வரும் திருடர்களும் உண்டு. நூறு ஆண்டுகளுக்கும் முன்பு காப்பித் தோட்டத்துப் புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட காகங்களின் வழிவந்தவை இன்று எல்லா ஊர்க் கொல்லைகளிலும் உட்கார்ந்திருக்கின்றன. மைனாவும் புறாவும் அவற்றோடு சேரும். தீனி இழப்பைவிட நோய்தான் இதில் பெரிய கவலை. எச்5என்1 பறவைக் காய்ச்சல் 2004இலும் 2017இலும் கிளந்தானில் வந்தபோது ஏராளமான கோழிகளை அழிக்க வேண்டியதாயிற்று. காட்டுப் பறவையின் எச்சம் தொட்டியில் விழாமல் காப்பது நம் கையில்தான் இருக்கிறது. தொட்டியைக் கூண்டின் வலைக்குள்ளேயே தொங்கவிட்டால் இது தீர்ந்துவிடும். கோழி ஏறி நின்றால் மூடி திறக்கும் மிதிப்பலகைத் தொட்டியும் கடைகளில் கிடைக்கிறது. நல்ல பொருள்தான்; ஆனால் கோழி பழக ஓரிரு வாரம் மூடியைப் பாதி திறந்தே வைக்க வேண்டும், எடை குறைந்த விடைக்கோழிக்கு அது திறக்காமலும் போகலாம்.

கடைசியாக ஒன்று. குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்க்க என்ன விதி என்பதை உங்கள் மாநகர் மன்றத்திடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரிடமும், எலிக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.

கேள்வி: மழையில் நனைந்து கட்டிதட்டிய தீனியை வெயிலில் காயவைத்து மறுபடி போடலாமா? மூட்டை விலை ஏறியிருக்கும் நிலையில் கொட்ட மனம் வரவில்லை.
— வாசகர், பாலிக் புலாவ்

பதில்: போடக் கூடாது. உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கொட்டித்தான் ஆக வேண்டும்.

தீனியில் பெரும்பகுதி மக்காச்சோளம். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அதில் வளரும் ஒருவகைப் பூசணம் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, அவை தின்ற நிலக்கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்துதான் இந்த நஞ்சை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். நமக்கு இன்னும் அருகில், 1988இல் பேராக்கில் நூடல்ஸ் உண்ட 13 குழந்தைகள் இறந்த துயரத்திலும் இந்த நஞ்சே காரணமாகக் கூறப்பட்டது. வெயிலில் காயவைத்தால் பூசணம் காயும். அது விட்டுச்சென்ற நஞ்சு போகாது. சமைக்கும் சூட்டிலும் அது எளிதில் அழிவதில்லை. ஈரலைத் தாக்கும் அந்த நஞ்சு முட்டை வழியாகச் சிறிதளவு நம் உடலுக்கும் வரக்கூடும்.

என் வீட்டிலும் சில ஆண்டுகளுக்கு முன்பு குழாய்த் தொட்டிதான் இருந்தது. தொடர்மழைக்குப் பிறகு மூன்று பெட்டைகள் முட்டையை நிறுத்தின. ஒன்று கொண்டை வெளுத்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையிலேயே நின்று, நான்காம் நாள் இறந்தது. நோய் என்று எண்ணி மருந்து தேடி அலைந்த பிறகுதான் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். வளைவின் அடியில் இரண்டு விரல் கனத்துக்குப் பச்சை பூத்துக் கிடந்தது. அந்தக் கோழியை நான் சோதனைக்கு அனுப்பவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத மூலையுள்ள எந்தத் தொட்டியையும் நான் வைத்ததில்லை.

மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகையின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பிரித்த தீனியை மூடியுள்ள டின்னில் கொட்டி நிழலில் வையுங்கள். வெயில் படும் டின்னின் உட்புறம் இரவில் வியர்த்துத் தீனியை நனைத்துவிடும். பழைய தீனி தீராமல் புதியதை அதன் மேல் கொட்டாதீர்கள். ஒரு மாதத்துக்குள் தீரும் அளவு மட்டுமே வாங்குங்கள். ஆறு கோழிகளுக்கு 20 கிலோ மூட்டை ஒரு மாதம் வரும். 50 கிலோ மூட்டை கிலோவுக்குச் சற்று மலிவாக இருக்கலாம். பாதியைக் கொட்ட நேர்ந்தால் அந்த மலிவு எங்கே போயிற்று? தொட்டியை வாரம் ஒருமுறை சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே நிரப்புங்கள்.

கேள்வி: எங்களிடம் உள்ள எட்டுக் கோழிகளில் ஒன்றை மற்றவை தொட்டிப் பக்கமே விடுவதில்லை. அது மெலிந்துகொண்டே போகிறது. பெரிய தொட்டியாக வாங்கினால் சரியாகுமா?
— வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: பெரிய தொட்டி ஒன்றைவிடச் சிறிய தொட்டிகள் இரண்டுதான் இங்கே உதவும். கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்குத் திட்டமான வரிசை ஒன்று இருக்கிறது. நார்வே நாட்டின் தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே சிறுவயதிலிருந்தே தம் வீட்டுக் கோழிகளைக் கூர்ந்து பார்த்து, 1921இல் இதை முதன்முதலாக விளக்கி எழுதினார். வரிசையில் மேலே உள்ள பெட்டை, தொட்டி எவ்வளவு அகலமாக இருந்தாலும் அதைச் சுற்றி வந்து கடைசிக் கோழியை விரட்டும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் அதனால் நிற்க முடியாது.

இரண்டாவது தொட்டியை முதலாவதிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கூண்டின் மறுபுறத்திலோ ஒரு தடுப்புப் பலகைக்கு அப்பாலோ தொங்கவிடுங்கள். மூலையில் வைக்காதீர்கள், விரட்டப்படும் கோழிக்கு ஓடிப்போக இரண்டு பக்கமாவது வழி இருக்க வேண்டும். தண்ணீரையும் இதேபோல் இரண்டு இடத்தில் வையுங்கள். வெப்பம் 30 பாகைக்கு மேல் போகும் நண்பகலில் கோழிகள் தின்பதைக் குறைத்துக்கொண்டு தண்ணீரையே நாடும் என்பதால், அப்போது தண்ணீரிலிருந்து விரட்டப்படுவது பசியைவிடக் கொடியது. விடிந்தவுடனும் பரண் ஏறுவதற்கு முந்திய ஒரு மணி நேரத்திலும்தான் கோழிகள் மும்முரமாகத் தின்னும். அந்த இரண்டு வேளையிலும் சிறிது நேரம் நின்று பாருங்கள். பரண் ஏறிய பிறகு மெலிந்த கோழியின் கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். அது நிறைந்து பருத்திருந்தால் கோழி தின்றிருக்கிறது. உடல் இளைப்பதற்குக் குடற்புழுவோ வேறு நோயோ காரணமாக இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பை வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் தொட்டிதான் காரணம்.

கேள்வி: தாய்க்கோழியோடு பத்துக் குஞ்சுகள் திரிகின்றன. எல்லாவற்றுக்கும் முட்டைக் கோழித் தீனியையே ஒரே தொட்டியில் வைக்கிறேன். தவறா?
— வாசகர், சுங்கை பாகாப்

பதில்: தவறுதான், ஐயா. முட்டைக் கோழித் தீனியில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும். குஞ்சுக்கு 1 விழுக்காடு போதும். மிஞ்சிய சுண்ணாம்பு குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதோடு, குஞ்சுக்குத் தேவையான 20 விழுக்காட்டை ஒட்டிய புரதமும் அதில் இல்லை.

ஒரு பழைய மரப்பெட்டியைக் கவிழ்த்து, பக்கச் சட்டங்களுக்கிடையே 5 செ.மீ. இடைவெளி விட்டு, அதற்குள் குஞ்சுத் தீனியைத் தாழ்வான தொட்டியில் வையுங்கள். குஞ்சுகள் உள்ளே போய்வரும். தாயால் நுழைய முடியாது. பெரிய கோழிகளின் தொட்டியோ குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் தொங்கட்டும். இவ்வளவு ஏற்பாடு முடியாதென்றால், சில வாரங்களுக்கு எல்லாவற்றுக்கும் குஞ்சுத் தீனியையே வைத்து, முட்டையிடும் பெட்டைகளுக்காகக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் உயரத்தில் வையுங்கள். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அந்த ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. ஆகவே, மாலையில் அந்தக் கிண்ணம் காலியாக இராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் சமைத்த கேராங் சிப்பியின் ஓட்டை உப்புப் போகக் கழுவி, காயவைத்துப் பொடித்தாலும் போதும்.

கேள்வி: தொங்கும் தொட்டியிலும் எறும்பு ஏறுகிறது. மருந்து தெளிக்கலாமா?
— வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: தீனிக்கு அருகில் மருந்து வேண்டாம். தோட்டத்து லயங்களில் நம் பாட்டிமார் சாப்பாட்டு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியது நினைவிருக்கும். அதையே இங்கே தலைகீழாகச் செய்யுங்கள். தொட்டிக்கு மேலே, சங்கிலியின் நடுவில் ஒரு சிறு கிண்ணம் வரும்படி அடியில் துளையிட்டுக் கோத்து, துளையை நீர் கசியாமல் அடைத்து, அதில் தண்ணீர் ஊற்றுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட அந்தச் சிறிய நீரே போதும் என்பதால் மேலாகச் சில துளி சமையல் எண்ணெய் விட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றுங்கள். சங்கிலி தவிர வேறெதுவும், ஒரு கொடியோ வலையின் ஓரமோகூட, தொட்டியைத் தொடக் கூடாது.

கேள்வி: தீபாவளிக்கு நான்கு நாள் ஊருக்குப் போகிறோம். பெரிய தொட்டியாக நிரப்பி வைத்துவிட்டுப் போகலாமா?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தீனி நான்கு நாள் தாங்கலாம், தண்ணீர் கவிழ்ந்தால் நம் ஊர் வெயிலில் ஒரு நாள்கூடத் தாங்காது. தீபாவளி வருவதும் மழைக்காலத்தில். நம்பிக்கையான அண்டை வீட்டார் ஒருவரிடம் காலையில் தொட்டியை மாட்டவும் மாலையில் கழற்றவும் சொல்லிவிட்டுப் போங்கள். நாளுக்குரிய தீனியை நான்கு பைகளில் தனித்தனியே அளந்து கட்டி வைத்தால் அவர்களுக்கும் சிரமம் இராது. அந்த நான்கு நாள் முட்டைகளையும் அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.